ஆடிக் காற்றுக்கு முன்னால் சில வேலைகள்

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவிட்டு, பேரையூர், சாப்டூர் பக்கம் காற்றைத்தான் அதிகம் அனுப்புகிறது. கொல்லையில் வாழை, பப்பாளி, முருங்கை வைத்திருப்பவர்களுக்கு:

1. மேற்கு, தென்மேற்கு ஓரங்களுக்கு மட்டும் தடுப்பு போதும். நாலு பக்கமும் மரம் வைத்தால் இடமும் வெயிலும்தான் வீண்.

2. சுவர் எழுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று இறங்கிக் கன்றுகளை அலைக்கழிக்கும். சல்லடைபோலப் பாதிக் காற்றை உள்ளே விடும் மரவரிசையே நல்லது.

3. சவுக்கை முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை நடுங்கள். ஐப்பசி மழையில் நட்டால் வேர் பிடித்துவிடும். கோவை வன மரபியல் நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகங்கள் தந்திருக்கிறது. சவுக்கு வளரும்வரை கூடவே அகத்தி இருக்கட்டும்; அடுத்த ஆடிக்குள் அது தலைக்குமேல் வந்துவிடும். 10 அடி உயர வரிசை, கிழக்கே ஏறக்குறைய 100 அடிவரை காக்கும்.

4. ஆட்டுக்குத் தழை வேண்டுமென்று ஆனியில் அகத்தியை மொட்டையடிப்பது பலருக்கும் வழக்கம். ஆவணி வரை பொறுங்கள், ஆடு கோபிக்காது.

5. நடுவில் ஒரு மரம் பட்டுப்போனால் அந்தச் சந்தில் காற்று இன்னும் வேகமாகப் பாயும். புதுக்கன்று வளரும்வரை தென்னங்கீற்றுப் படல் கட்டுங்கள். நடைவழியைக் கிழக்கில் வையுங்கள்.

6. நாற்றங்காலுக்கு 50 சதவீதப் பச்சை நிழல்வலை போதும். வலையைக் கம்பின் மேற்கு முகத்தில் கட்டுங்கள். காற்று அதைக் கம்போடு சேர்த்து அழுத்தும். கிழக்கு முகத்தில் கட்டினால் முழுப் பாரமும் முடிச்சில் விழுந்து, அந்த இடத்திலேயே கிழியும்.

7. கோடை மழையோடு வரும் சூறைக்குத் திசையே கிடையாது. வாழை குலை தள்ளியதும் இரண்டு கம்புகளைக் கத்தரியாகக் கட்டி, குலை சாயும் பக்கம் முட்டுக் கொடுங்கள். நைலான் கயிறு தண்டை அறுக்கும். வாழைநாரோ தேங்காய்நார்க் கயிறோ போதும். அடியில் மண் அணையுங்கள். இலை கிழிவதற்கெல்லாம் பதற வேண்டாம்.

8. செடிமுருங்கை இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக்கிளை விட்டுக் குட்டையாக நிற்கும்.

9. சவுக்கு வேர் வாழைப்பாத்திக்குத் தண்ணீர் தேடி வரும். இரண்டுக்கும் நடுவே இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். வருஷா வருஷம் ஒருமுறை தூர் எடுங்கள்.