விஞ்ஞானியும் ஞானியும்

1897 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26 ஆம் நாள் பாம்பன் துறையிலே பெருங்கூட்டம் திரண்டிருந்தது. இலங்கையிலிருந்து வந்த விவேகானந்த அடிகளை எதிர்கொள்ளும் பொருட்டுச் சேதுநாட்டு மன்னர் பாஸ்கர சேதுபதி தம் பரிவாரத்துடன் காத்திருந்தார். அடிகள் ஏறியமர்ந்த வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மன்னரும் மக்களோடு மக்களாய் நின்று அதனை இழுத்துச் சென்றார். இராமேசுவரத்திலும் இராமநாதபுரத்திலும் அடிகள் சொற்பொழிவாற்றினார். பின்னர், முதுகுளத்தூருக்கு வடக்கே வைகைக் கரையில் உள்ள பரமக்குடி வழியாக மதுரைக்குச் சென்றார்.

அந்த வரவேற்பின் ஆரவாரத்தைப் பலரும் அறிவர். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், கடல் கடந்த நியூயார்க் மாநகரில், ஆரவாரம் ஏதுமின்றி அவர் நிகழ்த்திய ஓர் உரையாடலை அறிந்தவர் சிலரே. அதனை அறிந்தவருள்ளும் அதன் உட்பொருளைச் சரியாக உணர்ந்தவர் மிகச் சிலர்.

1896 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புகழ்பெற்ற பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார் என்பவர், புத்தர் பெருமானின் வாழ்க்கையைத் தழுவிய நாடகம் ஒன்றை நியூயார்க்கில் நடித்து வந்தார். அவையோருள் வீற்றிருந்த அடிகளைக் கண்ட அவ்வம்மையார், அவரைச் சந்தித்து உரையாட விரும்பினார். அச்சந்திப்பிற்கு வந்திருந்தவருள் நிக்கோலா டெஸ்லா என்பாரும் ஒருவர். இன்று நம் இல்லங்களில் விளக்கெரிக்கும் மாறுமின்னோட்டத்தைத் தொலைதூரம் செலுத்தும் முறையை உருவாக்கிய பேரறிஞர் அவர். நயாகரா அருவியின் நீர்வேகத்திலிருந்து எடுத்த மின்சாரம் அவர் வகுத்த முறைப்படியே அவ்வாண்டு நவம்பரில் பஃபலோ நகரை எட்டியது. அப்பொழுது டெஸ்லாவுக்கு வயது 39, அடிகளுக்கு 33.

உரையாடல் படைப்பைப் பற்றிச் சென்றது. உலகில் காணப்படும் சடப்பொருள் யாவும் ஆகாசம் என்னும் ஒரு மூலத்திலிருந்து தோன்றியவை. இயக்கங்கள் யாவும் பிராணன் என்னும் ஒரு மூல ஆற்றலின் வேறுபாடுகள். ஊழிக்காலத்தில் அவ்விரண்டும் தத்தம் மூலத்தில் ஒடுங்கி, மீண்டும் தோன்றும். அவ்விரண்டிற்கும் மூலமாய் மகத் என்பதொன்று உண்டு. வேதாந்தத்தின் இக்கருத்துகளை அடிகள் எடுத்துரைத்தார். டெஸ்லா பெரிதும் மகிழ்ந்தார். பொருளும் ஆற்றலும் ஒரே மூலத்தில் அடங்குவன என்பதைக் கணித வழியாகவே தம்மால் மெய்ப்பிக்க முடியும் என்றும் கூறினார். அக்கணிதத்தைக் காண அடுத்த வாரமே செல்ல இருப்பதாகவும், அது கிட்டுமாயின் வேதாந்தத்தின் படைப்புக் கொள்கை மிக உறுதியான அடித்தளத்தில் நிற்கும் என்றும் அடிகள் 1896 பிப்ரவரி 13 ஆம் நாள் தம் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

டெஸ்லா அந்தக் கணிதத்தை வெளியிடவே இல்லை. பின்னாளில் எழுதிய கட்டுரை ஒன்றில் ஆகாசம், பிராணன் என்னும் சொற்களை மட்டும் தாமே எடுத்து ஆண்டார். பொருளும் ஆற்றலும் ஒன்று மற்றொன்றாகக் கூடியன என்னும் உண்மையைக் கணித வழியே நிறுவியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்; அது நிகழ்ந்த ஆண்டு 1905. ஒரு கிராம் எடையுள்ள பொருள் முழுவதும் ஆற்றலாக மாறுமாயின், அது ஏறத்தாழ 2.5 கோடி கிலோவாட் மணி மின்சாரத்திற்கு நிகராகும் என்பது அவர் கண்ட விதியிலிருந்து பெறப்படும் கணக்கு. விந்தை யாதெனின், டெஸ்லா ஐன்ஸ்டீனின் கொள்கையை ஒருநாளும் ஏற்றிலர்.

இவ்வரலாற்றைக் கொண்டு இருவேறு கூற்றுகளைச் சொல்லித் திரிவார் உளர். ஐன்ஸ்டீன் கண்டதை நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர் என்பது ஒரு சாராரின் பேச்சு. துறவி ஒருவர் விஞ்ஞானியோடு பேச முற்பட்டதே வீண் என்பது மற்றொரு சாராரின் ஏளனம். இரண்டும் பொருந்தா.

முதற்கூற்று ஏன் பொருந்தாது என்பதற்கு ஆகாசம் என்னும் சொல்லே சான்று. அக்காலத்து விஞ்ஞானிகள், ஒளி அலைவடிவானது எனின் அவ்வலை பரவுதற்கு ஓர் ஊடகம் வேண்டும் என எண்ணினர். நீரின்றி நீரலை இல்லை அன்றோ? விண்வெளி முழுதும் நிறைந்த அவ்வூடகத்திற்கு ஈதர் எனப் பெயரிட்டனர். ஆகாசம் என்பதும் ஈதர் என்பதும் ஒன்றே எனப் பலர் கருதி, ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்த்தும் வந்தனர். ஆனால் 1887 ஆம் ஆண்டிலேயே மைக்கல்சன், மார்லி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அந்த ஈதரைத் தேடி நுண்ணிய சோதனை ஒன்று செய்திருந்தனர். ஈதரின் ஊடே பூமி விரைந்து செல்வது மெய்யாயின், பூமி செல்லும் திசையிலும் அதற்குக் குறுக்கான திசையிலும் ஒளியின் வேகம் வேறுபட்டுத் தோன்றுதல் வேண்டும். எதிர்பார்த்த வேறுபாடு புலப்படவில்லை. 1905 இல் ஐன்ஸ்டீன், ஈதர் என்ற ஒன்றைக் கொள்ள வேண்டிய தேவையே இல்லை என்று காட்டினார். ஆகாசம் ஈதரே என்று உறுதி செய்து அதன்மேல் வேதாந்தத்தை நிறுத்தியிருந்தால், ஈதர் மறைந்த அன்றே வேதாந்தமும் மறைய வேண்டியிருக்கும்!

தொல்காப்பியமும் உலகை ஐம்பூதங்களின் கலப்பு என்கிறது. அவ்வைந்தனுள் விசும்பும் ஒன்று. அவ்விசும்பைக் கொண்டு எவரும் ஒளியின் வேகத்தைக் கணித்ததில்லை. கணிப்பதற்காக எழுந்த சொல்லன்று அது. சொல் ஒத்திருப்பதனால் பொருளும் ஒத்திருக்கும் என்பது அளவை நூல் அறியாதார் கொள்கை.

இரண்டாம் கூற்றும் பொருந்தாது. அடிகள் டெஸ்லாவின் பாராட்டைக் கேட்டு மனநிறைவு கொண்டு திரும்பிவிடவில்லை. கணக்கைக் காட்டுக என்று கேட்க விழைந்தார். புகழ்ச்சியினும் நிரூபணத்தைப் பெரிதாக மதித்தவரை ஏளனம் செய்தல் தகுமா? விஞ்ஞானத்தின் உறுதியே தத்துவத்திற்கும் உறுதி என அவர் நம்பியது ஒன்றே ஆராயத்தக்கது.

இத்தகைய உரையாடலுக்குத் தமிழ் மரபில் நல்ல இலக்கணம் உண்டு. மணிமேகலை வஞ்சி மாநகர் புகுந்து, பல்வேறு சமயக்கணக்கரையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாய்ப்படவே கேட்கிறாள். கடவுளையும் மறுமையையும் ஒப்பாத பூதவாதியும் அவருள் ஒருவன். அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் பரபக்கம் முதலிலும் சுபக்கம் பின்னரும் அமைந்துள்ளன. பிறர் கொள்கையை அவர்களே ஒப்பும்படி எடுத்துரைத்த பின்னரே அதனை மறுக்கப் புகுவது பரபக்கத்தின் முறை. மேலும், எதனைக் கொண்டு உண்மையைத் துணிவது என்பதையும் முன்னரே வரையறுத்துக்கொண்டனர். காட்சி, கருதல், உரை என்பன அளவைகள். விஞ்ஞானி காட்சியையும் கருதலையும் கொள்வான். பெரியோர் உரையென்பதற்காக ஒன்றை ஏற்கமாட்டான். சமயநூலோர்க்கு உரையும் அளவையே. இவ்வேறுபாட்டை முதலில் ஒப்பாமல் பேசத் தொடங்கினால், ஒருவன் முழக்கோலால் அளக்க மற்றவன் மரக்காலால் அளந்த கதையாக முடியும்.

முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் கண்மாய் நீரே உயிர். கண்மாயில் எத்துணை நீர் உள்ளது, அது எத்துணை நிலத்திற்குப் போதும் என்பதை அளந்து சொல்லுதல் பொறியாளர் தொழில். நீர் குறைந்த ஆண்டில் எவர் வயலுக்கு முதலில் மடை திறப்பது நியாயம் என்பது வேறு வினா. எவ்வளவு நுட்பமான அளவுகோலும் அதற்கு விடை கூறாது. ஆனால், நீரின் அளவை அறியாமல் நியாயம் பேசுவோர் காய்ந்த வாய்க்காலுக்கே முறை வகுப்பர். இருவரும் ஒரே கரைமேல் நின்று பேசியாக வேண்டும். ஒருவர் வேலையை மற்றவர் செய்தலும் ஆகாது.

வேறுபட்ட நெறியினர் எதிரெதிரே அமர்ந்து பேசும் வழக்கம் சேதுக்கரைக்குப் புதிதன்று. இராமேசுவரத்தில் பிறந்த விஞ்ஞானி அப்துல் கலாம், தம் தந்தையார் ஜைனுலாப்தீனும் கோயில் தலைமைக் குருக்களாகிய பட்சி லட்சுமண சாஸ்திரியாரும் ஆன்மிகப் பொருள் குறித்து உரையாடிய காட்சியைத் தம் வாழ்க்கை வரலாற்றில் வரைந்துள்ளார். அவரவர் தத்தம் மரபுக்குரிய உடையிலேயே அமர்ந்து பேசுவராம். அக்காட்சியைக் கண்டு வளர்ந்த சிறுவர், பிற்காலத்தில் சமணத் துறவியாகிய ஆசாரிய மகாப்பிரக்ஞரோடு சேர்ந்து நூலொன்று எழுதினார்; அது 2008 இல் வெளிவந்தது.

கலாம் பிறந்தது 1931 இல். அதற்கு முந்திய ஆண்டில், சூலைத் திங்கள் 14 ஆம் நாள், ஜெர்மானிய நாட்டில் பெர்லின் நகருக்கு அருகே காப்புத் என்னும் சிற்றூரில் அமைந்த ஐன்ஸ்டீனின் கோடைக்கால இல்லத்திற்குக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் சென்றார். கவிஞருக்கு வயது 69, ஐன்ஸ்டீனுக்கு 51. ஒருவர் இலக்கியத்திற்கும் மற்றவர் இயற்பியலுக்கும் நோபெல் பரிசு பெற்றவர்கள். உண்மை என்பது மனிதனைச் சாராமல் தனித்து நிற்பதா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா.

அழகு மனித உள்ளத்தைச் சார்ந்தது என்பதை ஐன்ஸ்டீன் உடனே ஒப்புக்கொண்டார். உண்மையைப் பற்றி அவ்வாறு கூற ஒருப்படவில்லை. பித்தாகரசு கண்ட முக்கோண விதி, மனிதர் எவரும் இல்லாதபோதும் மெய்யாகவே இருக்கும் என்றார். வீட்டில் ஒருவரும் இல்லாவிடினும் மேசை இருந்த இடத்திலேயே இருக்கும் அன்றோ என்றும் வினவினார். தனிமனிதர் உள்ளத்திற்கு அப்பால் மேசை இருப்பது மெய். எனினும் அனைத்து மனிதர்க்கும் பொதுவாகிய பேருள்ளத்திற்கு அப்பால் அது இல்லை என்பது தாகூரின் விடை.

தாகூர் காட்டிய உவமை ஒன்று எண்ணி மகிழத்தக்கது. புத்தகத்தைத் தின்னும் பூச்சி ஒன்றைக் கருதுக. அதற்குக் காகிதம் உண்டு; இலக்கியம் இல்லை. மனிதனுக்கோ காகிதத்தைவிட இலக்கியமே மேலான உண்மை. பூச்சியின் உலகில் இல்லாத ஒன்று, மனிதனின் உலகில் மறுக்க முடியாததாய் நிற்கிறது. ஏட்டுச் சுவடிகளைச் செல்லும் கரையானும் அரித்த துயரத்தை அறிந்த தமிழர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். கரையான் தின்றது ஓலையை. நாம் இழந்ததோ ஓலையை அன்று.

ஐன்ஸ்டீன் அசைந்தாரல்லர். தம் கொள்கையைத் தம்மால் மெய்ப்பித்துக் காட்ட இயலாது என்பதை வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் அதுவே தம் சமயம் என்றார். நிரூபணமே உயிரெனக் கொண்ட ஒருவர், தாம் நிற்கும் நிலத்திற்கு நிரூபணம் இல்லை என ஒப்புக்கொண்ட அந்த நேர்மையே அவ்வுரையாடலின் சிகரம் எனலாம். அடுத்த மாதம் அவ்விருவரும் மீண்டும் சந்தித்து, இயற்கையில் தற்செயல் என்பது உண்டா என்பதைப் பற்றியும், இந்திய இசை மேலைநாட்டு இசை பற்றியும் அளவளாவினர். முதல் உரையாடலைத் தாகூர் 1931 இல் வெளியான தம் நூலில் பிற்சேர்க்கையாக அமைத்தார். எவரும் எவரையும் வெல்லாத உரையாடலை அச்சிடுவதில் அவருக்குத் தயக்கமில்லை.

காணாதபோதும் பொருளுக்குத் திட்டமான தன்மை உண்டா என்னும் வினா அத்துடன் நின்றுவிடவில்லை. 1964 இல் ஜான் பெல் என்னும் இயற்பியலறிஞர் இவ்வினாவின் ஒரு பகுதியைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவரும் வழியைக் கண்டார். ஒன்றோடொன்று பிணைந்து தோன்றிய இரு நுண்துகள்கள் தனித்தனியே நெடுந்தூரம் சென்றுவிட்டன என்று கொள்க. ஒவ்வொன்றும் தன் தன்மையை முன்னரே தன்னிடம் கொண்டு செல்கின்றது, ஓரிடத்துச் செயல் தொலைவில் உள்ளதை அக்கணமே தாக்காது என்று வைத்துக்கொண்டால், அவற்றை அளந்து பெறும் முடிவுகளின் ஒற்றுமை ஓர் எல்லையைக் கடக்கலாகாது. சோதனைகளிலோ அவ்வெல்லை கடக்கப்பட்டது. அச்சோதனைகளைச் செய்த ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் ஆகிய மூவர்க்கும் 2022 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இதனைக் கேட்டவுடன், தாகூர் வென்றார், ஐன்ஸ்டீன் தோற்றார் எனத் தீர்ப்பு எழுதிவிடுவோரும் உளர். ஆகாசத்தை ஈதர் என்ற பழைய பிழைதான் இங்கும் வேறு வடிவில் வருகின்றது. சோதனை பேசியது நுண்துகள்களின் தன்மையைப் பற்றி. தாகூர் பேசியது மனித குலத்தின் பேருள்ளத்தைப் பற்றி. முன்னது பின்னதற்குச் சான்றாகாது.

தாகூரே அத்தகைய குறுக்குவழியை நாடவில்லை. இளமையில் தம் தந்தையாரோடு டல்ஹௌசி மலையில் தங்கியிருந்த காலத்தில் விண்மீன்களைப் பற்றி அவர்பால் கேட்டறிந்த கவிஞர், முதுமையில் அணு, விண்மீன், ஞாயிற்றுக் குடும்பம் ஆகியவற்றைப் பற்றிய நூல்களை மீண்டும் எடுத்துவைத்துப் படித்தார். தம் 76 ஆம் வயதில், 1937 ஆம் ஆண்டு, விஞ்ஞானத்தை எளிய நடையில் விளக்கும் ‘விசுவ பரிசயம்’ என்னும் நூலை வங்க மொழியில் எழுதி வெளியிட்டு, அதனை இயற்பியலறிஞர் சத்தியேந்திரநாத் போசுக்குக் காணிக்கையாக்கினார்.