குவேசார் காற்றை அளக்க வரும் பிள்ளைகளுக்கு

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே இயற்பியல் படிக்கிற பிள்ளைகளே, குவேசார் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டால் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒன்றையாவது கண்ணால் பாருங்கள். சித்திரை மாத இரவில் 3சி 273 என்ற குவேசார் நம் ஊருக்கு ஏறக்குறைய உச்சியில் வரும். விளக்கில்லாத வயல் பக்கம் போனால் எட்டு அங்குலத் தொலைநோக்கியே போதும். தெரிவது ஒரு புள்ளிதான். ஆனால் 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் இதன் செம்பெயர்ச்சியைக் கண்டறிந்த பிறகுதான் குவேசார்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று உலகுக்குப் புரிந்தது.

2. கணக்கைக் கையால் போடுங்கள். மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பனின் வரி 1549 ஆங்ஸ்ட்ராம். செம்பெயர்ச்சி 2 உள்ள குவேசாரில் அது 4647-ல் தெரிய வேண்டும். நிறமாலையில் 4200-ல் அகலமான பள்ளம் விழுந்திருந்தால், அந்தக் கார்பன் வாயு நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 30,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு! இந்த ஓட்டம்தான் குவேசார் காற்று. ஆனால் அவசரப்படாதீர்கள். சிலிக்கானின் 1400 வரியும் அதே 4200-ல்தான் விழும். பள்ளம் சிலிக்கானுடையது என்றால் 4647-ஐ ஒட்டிக் கார்பன் பள்ளமும் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடிப் பார்க்காமல் வேகத்தை எழுதவே கூடாது.

3. பள்ளத்தின் ஆழத்தை அளக்குமுன், பள்ளமே இல்லாதிருந்தால் ஒளி எவ்வளவு இருந்திருக்கும் என்று தீர்மானியுங்கள். அந்தக் கோடு சற்றுச் சாய்ந்தாலும் இல்லாத மாற்றம் இருப்பதுபோல் தெரியும்.

4. நம் நாட்டில் நடந்த வேலையை முதலில் படியுங்கள். புனேயிலுள்ள ஐயுக்கா வானியல் மையத்தின் ஸ்ரீஆனந்தும் விவேக்கும் உடன் உழைத்தவர்களும் கிராவலி வானாய்வகத்தின் 2 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 22 குவேசார்களின் வாயு ஓட்டத்தைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் வெளியிட்டார்கள். பிறகு அரோமல், பெத்தித்ஜான் ஆகியோருடன் ஸ்ரீஆனந்த், தென்னாப்பிரிக்காவின் சால்ட் தொலைநோக்கியில் அதிவேக ஓட்டங்களைப் பின்தொடர்ந்தார். நடுத்தரமான கருவியிலும் விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்தால் அறிவியல் கிடைக்கும் என்பதற்கு கிராவலி வேலை சாட்சி. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

5. பள்ளம் மாறினால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். குவேசாரின் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றிய வட்டின் ஒளி ஏறி இறங்கி, வாயுவின் மின்னேற்ற நிலையை மாற்றியிருக்கலாம். அல்லது வாயு மேகமே நம் பார்வைக் கோட்டைக் கடந்திருக்கலாம். வெவ்வேறு வேகத்திலுள்ள பள்ளங்கள் ஒரே சமயத்தில் ஒரே திசையில் மாறினால், நான் ஒளியின் பக்கம்தான் நிற்பேன். தனித்தனி மேகங்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக நகர்வது அரிது.

6. தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது, நாம் இங்கே மூன்று ஆண்டு காத்திருந்தால் செம்பெயர்ச்சி 2-ல் கழிவது ஓர் ஆண்டுதான் என்பதை நினைவில் வையுங்கள். முனைவர் பட்டக் காலத்துக்குள் புதுப் பதிவுகள் மட்டும் போதாது. ஸ்லோன் வானாய்வின் பழைய நிறமாலைகள் எல்லாருக்கும் இலவசம், முதல் வாரமே இறக்கிக்கொள்ளுங்கள்.