இல்லத்தில் திருத்துழாய்க் கிளை நடும் முறை

வைஷ்ணவ க்ருஹங்களில் திருத்துழாய் மாடம் இல்லாதது அரிது. ஆயினும் மாடத்துச் செடி நெடுங்காலம் நிற்பதன்று. சில ஆண்டுகளில் அடித்தண்டு மரம்போல் இறுகி, இலை சிறுத்து, ஒருநாள் பட்டுப்போகும். அது கண்டு குடும்பத்திற்கு ஏதோ அமங்களம் நேரப்போவதாக அஞ்சுவோர் பலர். அச்சத்திற்கு இடமேயில்லை, அது அச்செடியின் இயற்கை. பட்டுப்போகுமுன் அதிலிருந்து ஒரு கிளையை எடுத்து வேர்விடச் செய்யாமையே குறை.

விதை போட்டாலே முளைக்குமே, கிளை எதற்கு என்று வினவலாம். தேனீக்கள் பச்சைத் துளஸியின் மகரந்தத்தை அருகிலுள்ள கருந்துளஸிக்கும் கொண்டு செல்வன. ஆதலின் விதைக்கன்று தாய்ச்செடியின் நிறத்தையும் மணத்தையும் அப்படியே கொள்ளும் என்று துணிந்து கூறவியலாது. கிளையினின்று வருவதோ அச்செடியேயாம். மாமியார் ஆராதித்த அதே கருந்துளஸியை மருமகளும் அவள் மகளும் ஆராதிக்க வேண்டுமாயின் இதுவே வழி.

மஞ்சரி விட்ட கிளை நடுவதற்கு ஆகாது. அது தன் ஸாரத்தை விதைக்கே செலுத்துமாதலின் வேர்விடத் தாமதிக்கும். மஞ்சரியோடு கூடியதை எம்பெருமான் திருவடிக்கு ஸமர்ப்பித்து, மஞ்சரியற்ற இளங்கிளையை நடுவதற்குக் கொள்க. த்வாதசியன்று திருத்துழாய் பறிப்பதில்லை என்னும் ஸம்ப்ரதாயம் இதற்கும் பொருந்தும்.

கிளை 4 அல்லது 5 அங்குல நீளம் இருக்கலாம். கணுவிற்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் அறுக்க வேண்டும். நகத்தால் கிள்ளினால் தண்டு நசுங்கி அழுகும். நுனியில் இரண்டு இணை இலைகளை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றை நீக்குக. இலை மிகுந்தால், அவை வெளிவிடும் நீரை வேரற்ற தண்டு ஈடுசெய்யமாட்டாது வாடும். இலையே இல்லையெனில் அதற்கு ஆகாரமில்லை. நுனியில் உண்டாகும் ஓர் ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, அறுத்த வாயருகே தேங்குவதனால் அங்கே வேர் தோன்றுகிறது என்பர் தாவர நூலார்.

கண்ணாடிக் குவளையில் (பஞ்சபாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டா) ஒரு கணு மூழ்கும் அளவு நீர் விட்டு, கிளையை நிறுத்தி, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைக்கலாம். இலை நீரில் மூழ்கலாகாது. பலர் தவறுவது இங்கேதான். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி வந்தால், ஓரிரு வாரங்களில் வெண்ணிற வேர்கள் தோன்றும். மார்கழிக் குளிரில் சற்றுத் தாமதமாகலாம். எல்லாக் கிளைகளும் பிழைப்பதில்லையாதலின், மூன்று நான்காக வைப்பது நன்று. மிகுந்தது அண்டை வீட்டிற்கும் கோயில் நந்தவனத்திற்கும் ஆகும்.

வேர் ஓரங்குலம் ஆனதும், மணலும் செம்மண்ணும் நன்கு மக்கிய எருவும் கலந்த தொட்டிக்கு மாற்றுக. புதுச்சாணம் இளவேரைக் கருக்கிவிடும். ஒரு வாரம் நிழலில் வைத்தபின், சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குக.

கற்பூரவல்லிக்கு இத்துணைப் பாடு வேண்டா. சதைப்பற்றுள்ள தண்டாதலின், அறுத்த வாய் ஒருநாள் உலர்ந்தபின் மணலில் ஊன்றினால் போதும்.

புதிய திருத்துழாய் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகும். கிள்ளிய அந்நுனி முதல் அர்ச்சனைக்கு ஆகும்.