கோடைப் பாசறையும் அதன் பயனும்

கோடை விடுமுறை வந்ததும் நம் திருச்சபைகளில் சிறுவர் சிறுமியர்க்கென ஒரு வார முகாம்கள் நடைபெறுதல் யாவரும் அறிந்ததே. நம் கல்லூரியிற் பயில்வோருள்ளும் அத்தகைய முகாமொன்றில் ஒருமுறையேனும் தங்கியிராத கிறிஸ்தவ மாணவர் சிலரே ஆவர். ஆயினும், அதனால் விளையும் பயன் யாது என வினவினால் இருவகை விடை கிடைக்கின்றது. ஒரு சாரார், “அது வைக்கோலில் இட்ட நெருப்பு; கடைசி இரவில் ஓங்கி எரிந்து, வீடு திரும்புமுன் சாம்பலாகும்” என்பர். மற்றொரு சாரார், “என் வாழ்வு திரும்பியது அவ்வாரத்திலேதான்” என்று சாட்சி கூறுவர். இவ்விரு கூற்றுள் மெய் யாது? பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஏழு நாள் வீட்டைவிட்டு நீங்கித் தங்குவதனால் உண்மையில் நிகழ்வது என்ன? இதனை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

முகாம் என்பது அரபுமொழிச் சொல். உருதுவின் வாயிலாக நம் நாட்டிற் புகுந்தது. தங்குமிடம் என்பது அதன் பொருள். அதற்கு நேரான பழந்தமிழ்ச் சொற்கள் பாசறை, பாடிவீடு என்பன. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாய் 103 அடிகளால் ஆகிய முல்லைப்பாட்டில், நப்பூதனார் பாசறை ஒன்றனை நம் கண்முன் நிறுத்துகின்றார். காட்டைத் திருத்தி, முள்வேலி சூழ இட்டு அமைத்த இருப்பிடம் அது. இடையில் வாள் செறித்த மகளிர் அங்கே விளக்கு அவியாமற் காக்கின்றனர். நாழிகைக் கணக்கர் பொழுதறிந்து அறிவிக்கின்றனர். யவனர் காவல் புரிகின்றனர். அரசன் உறக்கமின்றி மறுநாட் போரைச் சிந்தித்திருக்கின்றான். அவன் தேவியோ தொலைவிலுள்ள அரண்மனையில் அவன் வரவை நோக்கி வருந்தி ஆற்றியிருக்கின்றாள்.

இப்பாட்டினின்று பாசறையின் இலக்கணம் மூன்று என அறியலாம். முதலாவது, அஃது அன்றாட வாழ்க்கையினின்று வேலியிட்டுப் பிரிக்கப்பட்ட இடம். இரண்டாவது, அங்கே பொழுது வரையறுத்து நடத்தப்படுகின்றது. மூன்றாவது, அதன் நோக்கம் அதற்குள்ளே முடிவதன்று. பாசறையில் எவரும் வெற்றி பெறுவதில்லை, எவரும் தோற்பதுமில்லை. வெற்றி தோல்வி இரண்டும் வேலிக்கு வெளியே உள்ளன. இம்மூன்றாவது இலக்கணத்தை மறந்தமையே மேற்கூறிய இரு சாராரும் மாறுபடுதற்குக் காரணம் என்று கருதுகின்றேன்.

மறைநூலில் ஏழு நாள்

ஏழு நாள் வீட்டைவிட்டுத் தங்குதல் வேதாகமம் அறியாத புதுமையன்று. இஸ்ரவேலர் ஆண்டுதோறும் ஏழு நாள் மரக்கிளைகளால் ஆகிய கூடாரங்களில் வாசம்பண்ணவேண்டும் என்று லேவியராகமம் 23ஆம் அதிகாரம் விதிக்கின்றது. தங்கள் முன்னோர் வீடற்று வனாந்தரத்தில் நடந்த காலத்தைப் பின்வந்த சந்ததியார் மறவாதிருக்கவே அப்பண்டிகை ஏற்பட்டது. உபாகமம் 16ஆம் அதிகாரமோ, அதில் மகிழவேண்டியவர் இன்னார் இன்னார் என்று எண்ணிக் காட்டுகின்றது: குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை. வீட்டுத் தலைவனின் மகளும் அவ்வீட்டு வேலைக்காரியும் ஒரே பண்டிகையில் ஒருங்கே மகிழ அழைக்கப்பட்டனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. இடைக்காலத்திற் குன்றிய இப்பண்டிகை நெகேமியாவின் நாளில் மீண்டும் சிறப்புற ஆசரிக்கப்பட்டபோது, முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை நாடோறும் நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டது.

பன்னிரண்டு வயதினரான நம் ஆண்டவரும் பஸ்காவுக்காகப் பெற்றோருடன் எருசலேமுக்குச் சென்று, அவர்கள் அறியாமலே அங்குத் தங்கினார். மூன்று நாட்குப்பின் அவரைப் போதகர் நடுவே கண்ட தாய் வருந்தி வினவினாள். பின்னர் அவர் நாசரேத்துக்குத் திரும்பிப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று லூக்கா எழுதுகின்றார். தேவாலயத்திற் கண்ட ஒளியை நாசரேத்தின் வீட்டிலே வாழ்ந்து காட்டினார் என்பதே இதன் கருத்து.

வரலாறு

இக்காலக் கோடை முகாமின் வரலாறு மேனாடுகளிலே தொடங்குகின்றது. அமெரிக்காவில் கென்டக்கி நாட்டுக் கேன் ரிட்ஜ் என்னும் இடத்தில் 1801ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பல்லாயிரவர் வண்டிகளிலும் கூடாரங்களிலும் தங்கி ஏறத்தாழ ஒரு வாரம் வழிபட்டனர். அக்கூட்டம் முதலில் கர்த்தருடைய பந்திக்கென்று கூட்டப்பட்டதே. ஸ்காத்லாந்துப் பிரஸ்பிட்டேரியர் பல நாள் கூடிப் பந்தி ஆசரித்த வழக்கத்தினின்று அது வளர்ந்தது. ஆகவே, முகாமின் வேர் உடனுண்ணுதலில் உள்ளது எனலாம்.

சிறுவர்பாற் கருத்துச் செலுத்தியவருள் ஜோசையா ஸ்பயர்ஸ் என்பார் குறிப்பிடத்தக்கவர். அவர் 1868ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் தேவன் அன்பாயிருக்கிறார் என்னும் கருத்தை மணலில் எழுத, விளையாட வந்த குழந்தைகள் அவ்வெழுத்துகளைச் சிப்பியாலும் கல்லாலும் அணிசெய்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் ஸ்கிரிப்சர் யூனியன் ஊழியம் இத்தகைய சிறுவர் கூட்டங்களுடன் தொடர்புடையது. நாளுக்கொரு பகுதியாக வேதம் வாசிக்கும் அட்டவணையை அவ்வியக்கம் 1879இல் மேற்கொண்டது. அதற்குத் தூண்டுகோலாய் இருந்தவர், கெஸ்விக் ஊரில் ஓய்வுநாட் பள்ளிச் சிறுமியர்க்குப் பாடம் சொல்லிய ஆனி மார்ஸ்டன் அம்மையார் ஆவர்.

1874இல் ஜான் வின்சென்ட், லூயிஸ் மில்லர் என்னும் இருவர் நியூயார்க் நாட்டு ஷடாக்குவா ஏரிக்கரையில் ஓய்வுநாட் பள்ளி ஆசிரியர்க்குப் பயிற்சிக் கூட்டம் தொடங்கினர். மறு ஆண்டு, 1875இல், இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் கூடாரத்தில் ஒரு கன்வென்ஷன் தொடங்கிற்று. கிறிஸ்துவுக்குள் யாவரும் ஒருவரே என்னும் கலாத்தியர் நிருபக் கருத்தை அது தன் குறிக்கோளாகக் கொண்டது. அக்கன்வென்ஷனின் ஆதரவிற் புறப்பட்ட முதல் மிஷனெரியே 1895இல் இந்தியாவை அடைந்து, 1901 முதல் டோனாவூரில் சிறுமியரைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

1886இல் டி. எல். மூடி அவர்கள் மவுண்ட் ஹெர்மானில் கூட்டிய கோடைக் கூட்டத்திற்கு 251 மாணவர் வந்தனர். அவருள் நூற்றுவர் அயல்நாட்டு ஊழியத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். அதற்கு முன்னின்று உழைத்த ராபர்ட் வைல்டர் நம் இந்தியாவிற் கோலாப்பூரிற் பிறந்தவர். வந்தவர் அனைவரும் ஆண் மாணவர். ஆயினும் அவர் தமக்கை கிரேஸ் வைல்டர் வீட்டிலிருந்து அக்கூட்டத்திற்காக வேண்டிக்கொண்டிருந்தார். அன்று கூட்டத்திற்கு வெளியே நின்று வேண்டிய பெண்மக்கள் இன்று கூட்டத்தின் உள்ளே அமர்கின்றனர்.

ஒழுங்கு

இனி, நம் நாட்டு முகாம் நடைபெறும் முறையைக் காண்போம். பெரும்பாலும் மிஷன் பள்ளி விடுதியொன்றே பாசறையாகும். வந்தவுடன் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிடுவர். வைகறையில் மணி அடிக்கும். அரைமணி நேரம் ஒவ்வொருவரும் தனித்து அமர்ந்து வேதம் வாசிக்கும் அமைதி வேளை. அதன்பின் காலை ஆராதனை, வேதபாடம், எண்மரோ பதின்மரோ கூடிய குழு ஆராய்ச்சி, மாலையில் விளையாட்டு, இரவில் கீர்த்தனையும் நற்செய்திக் கூட்டமும். கடைசி இரவில் தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து சாட்சி கூறுவர். உண்ட கலங்களைக் கழுவுதலும், முற்றம் பெருக்குதலும், தண்ணீர் கொணர்தலும் குழுக்கள் முறைவைத்துச் செய்யும் பணிகள்.

இவற்றுள் சிறுமியின் உள்ளத்தை மிகுதியும் மாற்றுவது யாது? பிரசங்கம் என்று பலரும் கூறுவர். பிரசங்கம் வேண்டியதே. ஆயினும், பிரசங்கத்தை அவள் தன் ஊர்க் கோவிலிலும் கேட்கின்றாள். ஊரிற் கிடையாதது ஒன்று முகாமில் உண்டு. தானே தெரிந்துகொள்ளாத ஒருத்தியின் அருகில் ஏழு நாள் உண்டு, உறங்கி, பாத்திரம் துலக்குதலே அது.

ஓர் உண்மை நிகழ்ச்சி

நான்கு ஆண்டுகட்கு முன் யானும் இத்தகைய முகாமிற்குச் சென்றேன். கடைசி இரவிற் கண்ணீருடன் ஒரு வாக்குச் செய்தேன். அது யாதென ஈண்டுக் கூற நாணுகின்றேன். என்னை, இரு வாரத்துள் அதனை மறந்தேன். ஆதலின், சென்ற கோடையில் என் தங்கை புறப்பட்டபோது, முன்னர்க் கூறிய வைக்கோல் நெருப்பின் கட்சியிலேயே யான் இருந்தேன்.

அவள் சென்ற முகாம் தென்பாண்டிக் கடற்கரையூர் ஒன்றில், பனந்தோப்புகளின் நடுவே நடந்தது. அவள் குழுவில் எங்கள் ஊர்க் கீழத்தெருச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். இருவரும் ஒரே கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர். ஒரே ஓய்வுநாட் பள்ளியிற் படித்தவர். எனினும் ஒருத்தி வீட்டுப் படியை மற்றொருத்தி மிதித்ததில்லை. இஃது எங்கள் ஊரில் எவரும் சொல்லிக் கற்பிக்காத பாடம். யாவரும் கற்றிருக்கும் பாடம். மூன்றாம் நாள் என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. அவ்விரவு முழுதும் அச்சிறுமி அருகிருந்து ஈரத்துணியை மாற்றி மாற்றி நெற்றியில் இட்டாள். விடிந்தபின் தன் கையாற் கஞ்சி ஊட்டினாள்.

கடைசி இரவில் ஒவ்வொருவரும் ஒரு தீர்மானத்தைத் தாளில் எழுதி வைத்தனர். “நாள்தோறும் வேதம் வாசிப்பேன்”, “பொய் பேசேன்” என்று பலரும் எழுத, என் தங்கை, “வருகிற ஞாயிறு அவளை எங்கள் வீட்டில் உண்ண அழைப்பேன்” என்று எழுதினாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அவளை உடனழைத்துக்கொண்டே வந்துவிட்டாள். அம்மா கதவுநிலையைப் பற்றியபடி பேசாது நின்றார். ஆச்சி எழுந்து உள்ளறைக்குச் சென்றார். யானோ, முல்லைப்பாட்டும் கலாத்தியர் நிருபமும் கற்ற யான், கையிற் புத்தகத்துடன் வாளா இருந்தேன். என் தங்கை ஒருவரையும் நோக்காமல் கூடத்தில் இரண்டு இலை இட்டாள். பின் என்னை நோக்கி, “அக்கா, நீயும் உட்காருகிறாயா?” என்றாள். மூன்றாம் இலையை யானே இட்டேன். அம்மா சோறு பரிமாறினார். ஆச்சி அன்று பகல் உண்ணவில்லை.

விருந்து முடிந்து புறப்படும்போது அச்சிறுமி கூறிய சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. “நான் வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு நீங்கள் எங்கள் வீட்டிற்கு வருவீர்களா?” என்று அவள் அமைதியாகக் கேட்டாள். அழைப்பதில் ஒரு பெருமிதம் உண்டு. அழைக்கப்படுவதில் அஃது இல்லை. எம் வீட்டிற்கு வருதற்கு அவள் எத்துணை அஞ்சியிருப்பாள் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

1833ஆம் ஆண்டிலேயே கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளினின்று சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என நிருபம் எழுதினார். 1850இல் சென்னையிற் கூடிய மிஷனெரிமார் மாநாடு உடனுண்ணுதலையே அதற்கு உரைகல்லாகக் கொண்டது. நிருபங்களும் தீர்மானங்களும் நம் வீட்டு வாயில்வரை வந்து நின்றுவிட்டன. வாயிலைக் கடத்துவித்தவை ஒரு காய்ச்சல் இரவும், ஒரு கலயக் கஞ்சியும்.

மறு ஞாயிறு நாங்கள் இருவரும் கீழத்தெருவிற்குச் சென்றோம். திரும்பும்போது அவள் தாயார் ஓலைப்பெட்டி நிறைய நுங்கு கொடுத்தனுப்பினார். ஆச்சி அஃது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் தங்கை உள்ளதை உள்ளவாறு கூறினாள். சிறிது நேரம் வாளா இருந்த ஆச்சி, பெட்டியை அருகில் இழுத்து, ஒரு நுங்கை எடுத்து உண்டார். அறிந்தே உண்டார். அதன்மேல் ஒன்றும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில தெளிவாகின்றன. முகாமில் தோன்றும் உணர்ச்சி பொய்யன்று. ஆனால் அது பயனும் அன்று, வித்தே ஆகும். நாள் குறியாத தீர்மானம் விரைவில் மறக்கப்படும். “வருகிற ஞாயிறு” என்று நாளும், “எங்கள் வீடு” என்று இடமும் குறித்த தீர்மானம் நிலைக்கும். என் வாக்கிற்கும் என் தங்கையின் வாக்கிற்கும் வேற்றுமை இதுவே. முகாம் நடத்துவோர் பிள்ளைகளை அனுப்புமுன் இதனைக் கற்பிப்பாராக. வீட்டிலுள்ள நாம், திரும்பிவரும் பிள்ளையின் தீர்மானத்தைக் கண்டு நகையாமலும், கதவுநிலையைப் பற்றி நில்லாமலும் இருப்போமாக.

முல்லைப்பாட்டின் அரசன் வென்று மீளும் ஒலி கேட்டுத் தேவியின் துயர் தீர்கின்றது. நம் பாசறையினின்று மீள்வோர்க்கோ போர் வீட்டிலேதான் தொடங்குகின்றது. அவர் மீளும்போது நாம் வாயிலில் நின்று காத்திருத்தல் மட்டும் போதாது. ஓர் இலையேனும் இட்டு உடன் அமர்தல் வேண்டும்.