குளிரேற்றியில் உறைபனியும் குளிர்க்குறைவும்: விதை சேமித்து வைக்கும் கமக்காரருக்கு

வெங்காய விதை சாதாரண அறையில் வைக்கப்படின் ஓராண்டுக்குள்ளேயே முளைதிறனைப் பெரிதும் இழந்துவிடும். ஆதலின் வெங்காயம், மிளகாய், கத்தரி ஆகியவற்றின் விதைகளை அடுத்த போகம் வரை வீட்டுக் குளிரேற்றியில் வைத்துக் காப்பது நல்ல வழக்கமே. ஆயின், குளிரேற்றி பழுதுற்று, உறைபனி உருகிய நீர் விதைப்பொதியினுள் இறங்குமாயின், வெளியில் வைத்த விதையிலும் விரைவாக அவ்விதை கெடும். நாற்றுமேடையில் முளை காணாதபோதே பலர் இதனை உணர்கின்றனர். அதற்குள் பருவம் தப்பிவிடுகின்றது.

பனி மிகுதியாகக் கட்டியிருந்தால் குளிரும் மிகுதி எனக் கருதுவது தவறாகும். குளிரேற்றி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கி, பின்புறக் குழாய்களினூடாகவோ பக்கச் சுவர்களினூடாகவோ வெளியே விடுகின்றது. உள்ளே குளிர்ந்திருக்கும் தகட்டில் காற்றின் ஈரம் படிந்து பனியாகின்றது. அப்பனி தடித்ததும் தகட்டுக்குப் போர்வைபோல் அமைந்து, வெப்பம் தகட்டை அடையாது தடுக்கின்றது. அதனால் இயந்திரம் ஓய்வின்றி ஓடியும் பெட்டி குளிர்வதில்லை, மின்கட்டணமே ஏறுகின்றது.

முதலில் குளிரை அளந்தறிதல் வேண்டும். ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பார்க்க. 2 முதல் 5 பாகை செல்சியசு வரை காட்டின் குற்றமில்லை. கத்தரிக்காயிலும் வெள்ளரியிலும் சில நாளில் குழியும் கறையும் தோன்றுவது இயந்திரத்தின் பழுதன்று. அவை 10 பாகைக்குக் குறைந்த குளிரை நெடுநாள் தாங்கா.

பனி எங்கிருந்து வருகின்றது?

பனி விரைவாகக் கட்டுமாயின் ஈரம் புகும் வழியைத் தேடுக. பெரும்பாலும் அது கதவோரத்து இறப்பரேயாகும். ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், அது இறுக்கத்துடன் வருதல் வேண்டும். இலகுவாக வழுகி வரும் இடத்தில் இறப்பர் தளர்ந்துள்ளது. இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரால் துடைத்துப் பார்த்து, அதனாலும் சீராகாவிடின் இறப்பரை மாற்றுக. கழுவிய கீரையை ஈரத்துடன் வைத்தலும், சூடான கறியைத் திறந்தபடி வைத்தலும் பனியைப் பெருக்கும்.

பனி கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர், தடித்ததும் மின்னை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து உருகவிடுக. உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுநீர் வைப்பின் விரைவாக உருகும். கத்தியாலோ ஆணியாலோ ஒருபோதும் சுரண்டலாகாது. தகட்டினுள் ஓடும் குழாய் துளைபட்டால் வாயு முழுவதும் வெளியேறிவிடும். அரைமணி நேரப் பொறுமையின்மைக்குக் கொடுக்கும் விலை ஒரு குளிரேற்றியாகவும் இருக்கலாம்.

பனி கட்டாத வகைக் குளிரேற்றியில் தகடு பின்சுவருக்குள் மறைந்திருக்கும். சிறு சூடேற்றியொன்று இடையிடையே பனியை உருக்கும். மேலறை குளிர்ந்தும் கீழறை குளிராதிருப்பின், மறைந்துள்ள தகட்டில் பனி அடைத்திருக்கலாம். ஒரு நாள் முழுவதும் மின்னை நிறுத்தித் திறந்து வைத்தபின் சில நாட்கள் நன்கு இயங்கி, மறுபடியும் அக்குறை தோன்றுமாயின், சூடேற்றியோ அதனை இயக்கும் நேரக்கருவியோ கெட்டுள்ளதென்று பெரும்பாலும் துணியலாம். இதனைத் திருத்துநரிடம் கூறினால் வீண் செலவு குறையும். காய்கறித் தட்டின் கீழ் நீர் தேங்குவது வடிதுளை அடைபட்டதன் அடையாளம்.

பனியின்றியும் குளிர் குறைதல்

கமக்காரர் வீடுகளில் நெல் மூடைகளைக் குளிரேற்றிக்கு அணித்தாக அடுக்குவதுண்டு. வெப்பம் வெளியேற வழியில்லாதபோது உட்புறம் குளிராது. சுவருக்கும் பின்புறத்துக்கும் இடையில் 10 சென்ரிமீற்றராவது வெளி விடுக. பின்குழாய்களிற் படியும் நெற்றூசியையும் தூசையும், மின்னை நிறுத்தியபின் தூரிகையால் அகற்றுக. அடுப்பருகே வைத்தலும் கூடாது.

மாலையில் மின்னழுத்தம் 230 வோற்றிலிருந்து மிகத் தாழும் ஊர்களில், கொம்பிறசர் எனப்படும் அமுக்கி 'டக்' என ஒலித்து நின்றுவிடுவதுண்டு. அவ்வாறாயின் மின்னை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் போடுக. அடிக்கடி நிகழுமாயின் மின்னழுத்தச் சீராக்கி பொருத்துவது நன்று. அமுக்கி ஓடியும் தகட்டில் பனி சிறிதும் இல்லாவிடின், அல்லது ஒரு மூலையில் மாத்திரம் பனி படிந்திருப்பின், வாயு குறைந்திருத்தல் கூடும். இக்காலக் குளிரேற்றிகள் பலவற்றில் உள்ள 600ஏ என்னும் வாயு தீப்பற்றக்கூடியது; பயிற்சி பெற்ற திருத்துநரன்றி வேறெவரும் அதனைத் தொடலாகாது.

பனி உருக்கும் நாளில் விதையை

நன்கு உலர்ந்த விதையை இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் இட்டே வைத்தல் வேண்டும். கடதாசிப் பொதி ஈரத்தைத் தடுக்காது. போத்தலை வெளியே எடுத்தவுடன் திறந்தால் குளிர்ந்த விதைமீது காற்றின் ஈரம் படியும். சில மணி நேரம் சென்று, போத்தலின் குளிர் முற்றாக நீங்கியபின் திறக்கவும்.

குளிரேற்றி சில நாள் இயங்காதிருந்தாலும், பொதி நனைந்தாலும், விதைக்குமுன் நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்க்க. வெங்காய விதை முளைக்கப் பன்னிரண்டு நாள் வரை செல்லலாம். துணி காயாது நீர் தெளித்துவருக. ஐம்பது முளைப்பின் நாற்றுமேடைக்கு வழமையிலும் அதிக விதை தேவை. அதனிலும் மிகக் குறையுமாயின், மேடை அமைக்குமுன்னரே புதிய விதை தேடிக்கொள்ள வேண்டும்.