நிற்க மறுக்கும் துணி உலர்த்தி

ஜூன் பிறந்துவிட்டால் மட்டாஞ்சேரியில் துணி காய்வது வெயிலின் கையில் இல்லை. தங்கும் விடுதிகளுக்கும் வீட்டு விடுதிகளுக்கும் நாள்தோறும் படுக்கை விரிப்புகளும் துவாலைகளும் வேண்டும்; மழையோ ஓய்வதில்லை. அதனால் இங்குள்ள சந்துகளில் மின்சாரத் துணி உலர்த்தியை நம்பிப் பிழைக்கும் சிறு சலவைக் கூடங்கள் தோன்றியுள்ளன. அவற்றுள் சில எங்கள் கிளையில் முத்ரா கடன் பெற்றவை.

அத்தகைய கூடம் ஒன்றை நடத்தும் பெண்மணி ஒருவர் மழைக்காலத்தில் கூடுதல் கடன் கேட்டு விண்ணப்பித்தார். இரண்டாண்டுகளுக்கு முன் வாங்கிய உலர்த்தி நிற்கவே மறுக்கிறது. பழுது பார்ப்பவர் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்ற வேண்டும் என்கிறார். அந்தச் செலவுக்குப் புது இயந்திரமே மேல் என்பது அவர் வாதம். கடன் கொடுத்த பொருளைப் பார்வையிடுவது எங்கள் கடமைகளுள் ஒன்று. வணிகவியல் படித்த எங்களுக்கு இயந்திரம் புதிது. ஆயினும் அன்று நேரில் பார்த்தறிந்ததும், பின்னர்க் கேட்டும் படித்தும் தெளிந்ததும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் ஒரு தோபிகானா உண்டு. 1976இல் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த அவ்விடத்தில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்த வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கின்றன. இரட்டைப் புரியாக முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள், கிளிப்பு தேவையில்லை. துணி காய்ந்ததா என்பதை அவர்கள் கை அறியும். உலர்த்திக்குக் கை இல்லை. அதற்குப் பதிலாக எதை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பழுதின் பாதி விளங்கிவிடும்.

எளிய இயந்திரங்களில் இருப்பது வெறும் டைமர். குறித்த நிமிடங்கள் கழிந்ததும், துணி ஈரமாயிருந்தாலும் நின்றுவிடும். தானே நிற்கும் பழைய வகைகளில், டிரம்மின் காற்று போதிய சூடேறித் தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தும் நேரங்களில் மட்டுமே டைமர் நகரும். ஈரத் துணி காற்றைக் குளிர்விப்பதால் டைமர் அசையாது. துணி காயக் காய அது நகரத் தொடங்கும். புதிய வகைகள் பலவற்றில் டிரம்மின் முன்புறம் இரு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி இரண்டையும் தொட்டால் சிறு மின்னோட்டம் பாயும். அது பாயாத நிலையே ‘காய்ந்தது’ என்பதற்கு அடையாளம்.

இயந்திரம் நிற்காதபோது முதலில் கதவைத் திறக்க வேண்டும். திறந்த பின்னும் டிரம் சுற்றினால் கதவுச் சுவிட்சோ உள்ளிருக்கும் ரிலேயோ ஒட்டிக்கொண்டது என்று பொருள். அது கையைச் சிதைக்கக்கூடிய பழுது. சுவர்ச் சுவிட்சையோ எம்.சி.பி.யையோ அணைத்துவிட்டுப் பிறகே பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஓடும்போது பிடுங்கினால் பொறி பறக்கும். அதன்பின் அது மெக்கானிக்கின் வேலை.

கதவைத் திறந்ததும் டிரம் நின்றால் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்திருந்தும் ஓடுகிறது என்றால், இரு பட்டைகளுக்கும் இடையே நாணயமோ கொண்டை ஊசியோ ஈரப் பஞ்சோ சிக்கி, ‘இன்னும் ஈரம்’ என்று இயந்திரத்தை ஏமாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் துடைத்தால் போதும். டைமர் வகையாயின், 20 நிமிடம் என்று குறித்து ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் குமிழ் நகராவிட்டால் டைமரின் மோட்டார் போய்விட்டது. துணி கசங்காதிருக்க, காய்ந்த பின்னும் அவ்வப்போது டிரம்மைச் சுற்றிவிடும் ஏற்பாடு சில இயந்திரங்களில் உண்டு. அது பழுதே அன்று, கையேட்டில் எழுதியிருக்கும்.

துணி ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தால் ஹீட்டரோ வெப்ப உருகியோ எரிந்திருக்கலாம். ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் ஈரக் காற்று வெளியேற வழியில்லை. நம் ஊரில் இதற்கே முதலிடம் தரலாம். பஞ்சு வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது பின்புறக் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கும். குழாயின் வாயை அறைக்குள்ளேயே விட்டுவிடுவோரும் பலர். இயந்திரம் விட்ட ஈரத்தைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டு இரவெல்லாம் சுற்றும். குழாயில்லாத கண்டென்சர் வகையிலும் கண்டென்சரில் பஞ்சு படிந்தால் இதே கதைதான்.

வீட்டில் பயன்படுத்துவோர் கணக்கும் பார்க்க வேண்டும். இத்தகைய இயந்திரம் ஹீட்டர் எரியும்போது மணிக்கு ஏறக்குறைய 2 யூனிட் இழுக்கிறது என்று கொள்வோம். ஒரு மணியில் முடியவேண்டிய வேலை மூன்று மணி நேரம் இழுத்தால் 4 யூனிட் வீண். மாதம் 15 முறை என்றால் 60. கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் உயர்ந்த விலை. அந்த 60 யூனிட்டே வீட்டை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடலாம்.

பணத்தைவிடப் பெரிது தீ. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான நிகழ்வுகளை ஆராய்ந்து, வீட்டு உலர்த்திகளால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்கின்றன என்றும், துப்புரவு செய்யத் தவறுவதே தலையாய காரணம் என்றும் கூறியது. கொச்சியில் இன்னொன்றும் சேர்கிறது: ஆயுர்வேத நிலையங்களின் எண்ணெய்த் துவாலைகள். துவைத்த பின்னும் துணியில் தங்கும் நல்லெண்ணெய், சூடான குவியலில் தானே மேலும் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். இயந்திரங்கள் கடைசியில் சில நிமிடம் வெறும் காற்றை ஊதுவது இதன்பொருட்டும்தான். நிற்காத இயந்திரத்தை நடுவில் அணைக்க நேர்ந்தால், துணியை உள்ளே விட்டுவைக்காமல் உடனே எடுத்து விரித்துப் போட வேண்டும்.

அந்தப் பெண்மணியின் கூடத்தில் துணி சூடாகவும் ஈரமாகவும்தான் இருந்தது. குழாய் சுவரைத் துளைத்துச் சந்துக்குப் போயிருந்தது, வடிகட்டியும் சுத்தம். வெளியே சென்று பார்த்தபோதுதான் தெரிந்தது: கொசு வராதிருக்கத் துளையின் வாயில் வலை கட்டியிருந்தார்கள். மட்டாஞ்சேரிக் கொசுவை அறிந்தவர்கள் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் இரண்டாண்டுப் பஞ்சு அதில் படிந்து கம்பளிபோல் தடித்திருந்தது. இயந்திரத்தை அணைத்து, வலையை அறுத்தெறிந்து, குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டிய பின் அதே துணி 50 நிமிடத்தில் காய்ந்தது; இயந்திரமும் தானாக நின்றது. வலைக்குப் பதிலாக, காற்று வரும்போது மட்டும் திறக்கும் மூடி பொருத்தலாம் என்று பழுது பார்ப்பவரே பிறகு சொன்னார்.

மறுநாள் அவர் கிளைக்கு வந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பின்பக்கத்தில் குழாய் வாயின் அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போனார்.