காரைத் தாழ்த்தலாமா?

டெல்லி புசா ரோட்டின் அருகே கரோல் பாக் இருக்கிறது. அங்கே கார் சாமான் கடைகள் நிறைய உண்டு. கார் வேலை செய்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் இந்தப் பாடம்.

காரின் பாரத்தை ஸ்பிரிங் தாங்குகிறது. பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கும். பிறகு எழும்பும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் கார் ஆடிக்கொண்டே போகும். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. பல கார்களில் முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும். அதுதான் ஸ்ட்ரட்.

காரைத் தாழ்த்தச் சிலர் ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். பழைய ஷாக்கை அப்படியே விடுகிறார்கள். இது தவறு. அந்த ஷாக் முன்பே அமுங்கி நிற்கும். பள்ளம் வந்தால் மேலும் அமுங்க இடம் போதாது. 'டங்' என்று இடிக்கும். எண்ணெய் கசியும். சக்கரம் தரையில் சரியாகப் பதியாது.

குட்டை ஸ்பிரிங்குக்கு, அதற்கென்றே செய்த ஷாக் வேண்டும். இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

கவனம்! ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவியை முதலில் மாட்டுங்கள். மாட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாயும். உயிரே போகலாம்.

சட்டமும் உண்டு. அனுமதி இல்லாத முறையில் வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இப்படிச் சொல்கிறது. ஆகவே முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

பதில் எழுதுங்கள்:
1. ஷாக் அப்சார்பரின் வேலை என்ன?
2. நட்டைக் கழற்றும் முன் என்ன மாட்ட வேண்டும்?